ஒரு பெயரில் இரண்டு நெல்

காட்டு நெல்லைத் தேடித் திருவனந்தபுரத்தில் அலைந்தால், பெயர் வைப்பதும் ஒருவகைக் காவல்தான் என்பது புரிகிறது.

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலை பஜாரில், ஒரு மலையாளச் சொல்கூடத் தெரியாமல் மாதச் சாமான் முழுவதையும் வாங்கிவிடலாம். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. மிளகாய், புளி, பித்தளைப் பாத்திரம் என்று எதைத் தொட்டாலும் விலை சொல்பவரின் குரலில் நாகர்கோவிலோ திருநெல்வேலியோ ஒலிக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல்லைத் தின்று வளர்ந்த நகரம் அல்லவா? 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தபோது, பழைய திருவிதாங்கூர் இழந்தது சில தாலுகாக்களை மட்டுமல்ல, தன் நெற்களஞ்சியத்தையும்தான்.

இந்தத் தெருவின் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் நான் கேட்டதும் நெல்தான். அகராதியில் படித்த பெயரை நம்பி, "அண்ணாச்சி, நீவாரம் இருக்கா?" என்றேன். பெரியவர் தயங்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஞவரா. ஆயுர்வேத வைத்தியர்கள் பாலில் வேகவைத்துக் கிழி கட்டும் அரிசி. சுமார் 60 நாளில் விளையும், உழுது விதைத்து வளர்க்கும் நெல். நான் கேட்டதோ விதைப்பார் இல்லாமல் குளத்தோரம் தானாக முளைக்கும் காட்டு நெல். விளக்கிச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "காட்டுல வெளையுத நெல்லை எவன் அறுத்துக் கொண்டாருவான்? கை வச்சா உதிர்ந்து போகும்லா!"

நெல்லின் பத்தாயிரம் ஆண்டுக் கதையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். காட்டுப் புல் தன் மணியைத் தானே உதிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. வயல் நெல் மணியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்குச் சோறு இல்லை. உதிர்வதற்கும் உதிராததற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு ஒரு மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றத்தால் வந்தது என்று 2006-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஓர் எழுத்து மாறியதால் ஒரு நாகரிகமே சோறு உண்டது.

பெரியவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு விவசாயக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது, அதில் வந்த நான்கு வெவ்வேறு லத்தீன் பெயர்களையும் 'காட்டு நெல்' என்றே எழுதிக் கடந்துபோனவன் நான். ஆசிரியரும் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. அந்த நான்கில் ஒன்று கேரளத்தையும் தமிழகத்தையும் ஒட்டிய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி உருப்படியாக ஆராய்ந்தவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்தார்கள் என்பதும் தெரிந்தது. இந்தப் பயணம் ஒருவகையில் பிழைதிருத்தம்.

நகரின் தெற்கு விளிம்பில், வெள்ளாயணி ஏரியை ஒட்டிக் கிடக்கின்றன புஞ்சக்கரி வயல்கள். அதிகாலையில் காமிராவோடு பறவை பார்க்க வருகிறவர்களே இங்கே அதிகம். வரப்பில் நின்று பேச்சுக் கொடுத்தேன். களை பிடுங்கிக்கொண்டிருந்த சேச்சி, நெல்லின் நடுவே நின்ற சில தூர்களைப் பிடுங்கி நீட்டினார். "இது வரி, சாரே. கதிர் வருகிற வரைக்கும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். அப்புறம்தான் குணம் தெரியும்."

வரிநெல் என்பது பெரும்பாலும் காட்டு நெல்லும் வயல் நெல்லும் கலந்ததில் பிறந்த களை. கதிரில் நீண்ட மீசை, சிவந்த மணி, அறுவடைக்கு முன்பே உதிரும் குணம். காட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களின் சாயல் அப்படியே இருக்கிறது.

அந்தச் சொந்தக்காரர்கள் யார்? உலகில் நெல் பேரினத்தில் சுமார் 24 இனங்கள் உண்டு. மனிதன் பயிரிடுவது இரண்டே இரண்டு. நாம் உண்ணும் ஒரைசா சட்டைவா ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் கிளாபெரிமா மற்றது. மீதி எல்லாம் காட்டு வகைகள். கேரளத்தில் மட்டும் ஐந்து வகைகள் பதிவாகியுள்ளன.

அவற்றில் இரண்டு நம் சோற்று நெல்லின் நேர் மூதாதைக் குடும்பம். ஒன்று ரூஃபிபோகன். லத்தீனும் கிரேக்கமும் கலந்த அந்தப் பெயருக்குச் செந்தாடி என்று பொருள். இன்னொன்று நிவாரா. நான் சாலை பஜாரில் கேட்ட அதே 'நீவாரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்த பெயர். நம் அகராதிகள் அதற்குத் தரும் தமிழ்ச் சொல் 'குளநெல்'. பார்வைக்கு அண்ணன் தம்பி. வாழ்க்கை முறையோ நேர் எதிர். செந்தாடி நெல் வற்றாத சதுப்பிலும் கால்வாயிலும் ஆண்டுக்கணக்கில் வாழும். அவசரம் இல்லாத சம்சாரி அது. மகரந்தப்பை நீளமானது. பக்கத்துச் செடியோடு மகரந்தம் கொள்வதும் கொடுப்பதும் அதிகம். குளநெல்லுக்கு அந்த வசதி இல்லை. கோடையில் குளம் வற்றிவிடும். அதற்குள் முளைத்து, பூத்து, மணி முற்றி, உதிர்த்துவிட்டுச் சாக வேண்டும். எனவே ஓராண்டுப் பயிர். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது அதிகம். தண்டுக்குச் செலவிடுவதைவிட மணிக்குச் செலவிடுவது அதிகம். ஒரே குடும்பம், தண்ணீர் நிற்கும் கால அளவில் இரண்டாகப் பிரிந்த கதை.

இரண்டையும் பிரித்து, நிவாராவுக்கு இந்தப் பெயரை 1965-ல் சூட்டியவர்கள் எஸ்.டி. சர்மா, எஸ்.வி.எஸ். சாஸ்திரி என்ற இந்திய விஞ்ஞானிகள். அது தனி இனமா, செந்தாடியின் வேறு வடிவமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு விரைவிலேயே வேலை வந்தது. 1970-களில் ஆசிய வயல்களில் நெல்லைப் புல்போலக் குட்டையாக்கும் ஒரு நச்சுயிரி நோய் பரவியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் அதிகமான நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு நிவாரா மாதிரி. அதன் குணத்தைச் சேர்த்து 1976-ல் வெளியான ஐ.ஆர். 36, 1980-களில் உலகிலேயே அதிகப் பரப்பில் பயிரான நெல் ரகம் ஆயிற்று. குளத்தோரப் புல் ஒன்று கோடிக்கணக்கானவர்களின் சோற்றுத் தட்டைக் காப்பாற்றியது.

கேரளத்தில் நெல் வயல்களே அருகிவருகின்றன. 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த பரப்பு, 2015-16-ல் 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. வயலை மேடாக்கி வீடு கட்டுவதைத் தடுக்க 2008-ல் மாநில அரசு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அடுத்து நான் தேடிப்போன நெல் வயலில் வளர்வதில்லை.

அதன் கதை நகரின் நடுவே, பாளையத்தில் இருக்கும் யுனிவர்சிட்டி கல்லூரியிலிருந்து தொடங்குகிறது. இது மகாராஜா அறிவியல் கல்லூரியாக இருந்த காலத்தில், 1932 முதல் 1934 வரை இங்கே தாவரவியல் கற்பித்தவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். பிறகு கோவையில் கரும்பு ஆராய்ச்சிக்குப் போனார். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட நூல், அந்தத் துறையில் இன்றும் பெயர் சொல்லும் ஆவணம். 1940-களின் தொடக்கத்தில் இதே நகரில் விலங்கியல் படித்துவிட்டுக் கோவை வேளாண் கல்லூரிக்கு ரயிலேறிய குட்டநாட்டுக் குடும்பத்துப் பையன் எம்.எஸ். சுவாமிநாதன். கேரளப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஏ. ஆபிரகாமும் அவருடைய மாணவர்களும் தென்னிந்தியப் பெரணிச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணி 1962-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவை மட்டும் நூறு இனங்கள். எண்ணிப் பார்க்காமல் நம்பாதே என்பது இந்த ஊர்த் தாவரவியலில் ஒரு பரம்பரைப் பழக்கம்.

நகரிலிருந்து வடக்கே காரியவட்டத்தில் இருக்கிறது கேரளப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை. அதே வளாகத்தில் தமிழ்த் துறையும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை, 1950-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும் இடம். ஒத்த பொருளுடையவை என்று நாம் நினைக்கும் இரண்டு சொற்களைப் பிரித்து நிறுத்துவதுதான் அகராதிக்காரர்களின் வேலை. அடுத்த துறையில் நெல்லுக்கும் அதையே செய்திருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில், பாதி வெயிலும் பாதி நிழலுமான இடங்களில், அகன்ற இலையும் சிறுமணியுமாக வளர்வது ஒரைசா அஃபிசினாலிஸ். மருந்துக் கூடத்துச் சரக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரவிய பெரிய குடும்பம் இது. 1958-ல் கோவையிலிருந்து வெளிவரும் 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்' இதழில் கிருஷ்ணசுவாமி, சந்திரசேகரன் என்ற இருவர், அதைப் போலவே இருக்கும் ஆனால் அதுவல்லாத ஒரு நெல்லை அறிவித்தார்கள். பாலக்காட்டுப் பக்கத்து ஊரின் பெயரால் அதற்கு ஒரைசா மலம்புழாயென்சிஸ் என்று பெயரிட்டார்கள். மலம்புழா அணை திறக்கப்பட்ட 1955-ல் அந்த ஊரே சென்னை மாநிலத்தில்தான் இருந்தது.

இரண்டும் பல்லாண்டு வாழ்பவை. இரண்டும் நிழலோரம் வளர்பவை. ஓடைக்கரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் ஏமாறும். மணியின் அளவு, மகரந்தத்தின் பருமன், இலையின் காற்றுத்துளை என்று அளவுகோல் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. செல்கள் பிரியும் முன்பகல் நேரத்தில் இளம் வேர்நுனியை நறுக்கி, சாராயமும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஊறவைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் எண்ணினால் அஃபிசினாலிஸுக்கு 24 குரோமோசோம்கள். மலம்புழா நெல்லுக்கு 48.

இது வெறும் இரட்டிப்பு அல்ல என்பதுதான் கதையின் திருப்பம். 48-ல் பாதி அஃபிசினாலிஸ் வகையைச் சேர்ந்தது. விஞ்ஞானிகள் அதை 'சி' தொகுதி என்கிறார்கள். மறுபாதி 'பி' தொகுதி. அந்தத் தொகுதியை மட்டும் தனியாகக் கொண்ட நெல் ஆசியாவில் எங்கும் இல்லை. இன்று அது ஆப்பிரிக்காவில்தான் வளர்கிறது. என்றோ ஒரு காலத்தில் இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது மலம்புழா நெல். கலந்த இரண்டில் ஒன்று இந்தக் கண்டத்திலிருந்தே மறைந்துவிட்டது. கேரளத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: மணிப்பிரவாளம். முத்தும் பவளமும் ஒரே சரத்தில். பவளம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை இப்போது அந்தச் சரத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும்.

இத்தனை இருந்தும் பல ஆண்டுகள் உலகப் பட்டியல்களில் அது அஃபிசினாலிஸின் ஒரு வடிவம் என்றே அடங்கிக் கிடந்தது. காரியவட்டத்தின் பி. குரியாச்சன், லதா ஜோசப் முதலானவர்களும், இதே நகரின் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தின் ஜார்ஜ் தாமஸும் அதைத் தேடிச் சேகரித்தார்கள். 2001-ல் 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' இதழில் 11 இடங்களின் செடிகளை ஒப்பிட்டு அவர்கள் சொன்னது கவலை தரும் சேதி. வளரும் பரப்பு மிகச் சிறியது. செடிக்குச் செடி மரபணு வேறுபாடும் குறைவு. வேறுபாடு குறைந்த கூட்டத்துக்குப் புதிய நோயையோ வறட்சியையோ சமாளிக்கக் கைவசம் வழிகள் குறைவு. 2008-ல் வந்த இன்னொரு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, இது செல்லுபடியாகும் இனமா என்ற கேள்விதான். இன்றும் சில பட்டியல்களில் அது தனி இனம், சிலவற்றில் அஃபிசினாலிஸின் உட்பிரிவு.

இது பண்டிதர்களின் சண்டை என்று ஒதுக்கிவிடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 'அஃபிசினாலிஸ்' என்று எழுதினால் அது இந்தியாவிலிருந்து நியூகினி வரை இருக்கிறது. பாலக்காட்டில் ஓர் ஓடைக்கரை அழிந்தால் என்ன? பர்மாவில் இருக்கிறது, தாய்லாந்தில் இருக்கிறது. 'மலம்புழாயென்சிஸ்' என்று எழுதினால் அந்த ஓடைக்கரைதான் அதன் உலகம். ஒரே செடி, ஒரே கரை. பெயர் மாறினால் இழப்பின் அளவே மாறிவிடுகிறது. சாலையை அகலப்படுத்துகிறவரும், ஓடைக்குக் கான்கிரீட் கரை கட்டுகிறவரும், மாட்டை அவிழ்த்துவிடுகிறவரும் அங்கே பார்ப்பது புல்லைத்தான். வயலைக் காக்கும் சட்டம் வயலோடு நின்றுவிடுகிறது.

காப்பாற்றி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அஃபிசினாலிஸே பதில் வைத்திருக்கிறது. 1973-74-ல் குட்டநாட்டு வயல்களைப் புகையான் பூச்சி தீய்த்துவிட்டுப் போனதைப் பழைய விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் குணம் அஃபிசினாலிஸில் இருந்தது. வயல் நெல்லோடு அது எளிதில் கலக்காது. கலந்தாலும் கரு தங்காது. ஜீனா, குஷ் என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் பிலிப்பைன்ஸ் நிலையத்தில் இளங்கருவை வெளியே எடுத்து வளர்த்து அந்தத் தடையைத் தாண்டி, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் பிறந்த ரகங்கள் வியட்நாமின் வயல்களுக்குப் போயின. அதற்குப் பயன்பட்ட செடி கேரளத்துடையது அல்ல. நம் மலையில் இருப்பவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை, அவை இருக்கும்போதுதான் படித்தறிய முடியும்.

கடைசி நாள் பாலோடுக்குப் போனேன். நெடுமங்காடு தாண்டித் தென்மலை வழியாகச் செங்கோட்டை போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். ஏறக்குறைய 300 ஏக்கரில் பரந்திருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் 1979-ல் தொடங்கப்பட்டவை. குரோமோசோம் எண்ணிய அதே பேராசிரியர் ஆபிரகாம்தான் முதல் இயக்குநர். இந்த நிலையத்தின் விஞ்ஞானிகளுக்கு 1987-ல் அகஸ்தியர் மலையில் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக்கொடுத்தவர்கள் காணிப் பழங்குடியினர். ஆயிரம் பச்சைகளுக்கு நடுவே ஒரு பச்சையைத் தனியாகத் தெரிந்து, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தவர்கள் அவர்கள். பெயர் இருந்ததால்தான் காட்டவும் முடிந்தது.

இத்தகைய மலைக்காட்டுத் தரையில் வளர்கிறது கேரளத்தின் ஐந்தாவது காட்டு நெல், கிரானுலேட்டா. மீசை கிடையாது. தண்ணீர் தேங்கவும் வேண்டாம். மரநிழலில் சரிவு நிலத்தில் முழங்கால் உயரப் புல்லாக நிற்கும். மணியின் மேற்பரப்பு மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு. பெயரும் அதைத்தான் சொல்கிறது. நெல் என்றால் சேறு என்று நினைத்து வளர்ந்த நமக்கு, நிழலில் வளரும் நெல் அதிசயம்தான். நம் சங்கப் பாடல்களில் மலைநெல்லுக்கு ஐவனம், தோரை என்று பெயர்கள் வருகின்றன. பறம்பு மலையில் உழவில்லாமல் கிடைக்கும் நான்கு உணவுகளைக் கபிலர் வரிசைப்படுத்தும்போது, மூங்கில் நெல்லில்தான் தொடங்குகிறார். நெல்லை ஒரே சொல்லில் அடைக்காத மொழி நம்முடையது. அடைத்தவர்கள் நாம்.

திரும்பும் சென்னை மெயில் பிற்பகலில் புறப்பட்டு இரவில் பாலக்காட்டைத் தொட்டது. ஜங்ஷனிலிருந்து மலம்புழா பத்து கிலோமீட்டர்தான். அணையையும், தோட்டத்தையும், 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் வடித்த யட்சி சிலையையும் பார்க்க ஆண்டு முழுவதும் தமிழகத்திலிருந்து கூட்டம் போகிறது. ஊரின் பெயரைத் தாங்கிய புல்லைப் பார்க்க யாரும் போவதில்லை; நானும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கணவாயின் இருட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பையில் சாலை பஜார் அண்ணாச்சி கொடுத்த ஞவராப் பொட்டலம் இருந்தது. குறிப்பேட்டை எடுத்து, பழைய கட்டுரையின் நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதினேன். எதிரே செந்தாடி நெல், குளநெல், மருந்து நெல், மலம்புழா நெல். பண்டிதர்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ, அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது நான்கும் நான்காகவே போகும்.